பாலர் பள்ளிப் பிள்ளைக்கு அடுத்த கார் சீட்: சிங்கப்பூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பவை இவை. சிங்கப்பூர்ச் சட்டத்தையும், இங்கு பரவலாக விற்கும் ஐரோப்பியத் தர சீட்டுகளையும் மனத்தில் வைத்து எழுதியது. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடுத்த சீட்டுக்கு அவசரப்படாதீர்கள்.

மகளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் பூஸ்டருக்கு (கார் பெல்ட் சரியாகப் படும்படி பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட்) போய்விட்டார்கள். நாங்களும் மாற்ற வேண்டுமா?

பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்க்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு இப்போதைய சீட் சின்னதாகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். லேபிளில் போட்டிருக்கும் எடை வரம்பையோ உயர வரம்பையோ தாண்டிவிட்டாளா? தோள் வாரை (சீட்டோடு சேர்ந்தே வரும் பட்டையை) உச்சிக்கு ஏற்றிய பிறகும் அது தோளுக்குக் கீழேயிருந்து வருகிறதா? (முன்பக்கம் பார்த்த சீட்டில் வார் தோள்மட்டத்திலோ சற்று மேலேயோ இருந்து வரவேண்டும்.) காதின் மேல்நுனி சீட்டின் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டதா? இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எதுவும் இல்லையென்றால் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டி முன்சீட்டில் இடிக்கிறது, காலை மடக்கி உட்கார்கிறாள் என்பதெல்லாம் காரணமே அல்ல. பிள்ளைகள் சோபாவிலும் அப்படித்தான் உட்கார்கிறார்கள்.

அளப்பதற்குச் சுகாதாரக் கையேட்டில் இருக்கும் பழைய எண்ணை நம்பவேண்டாம். இந்த வயதில் ஆறு மாதத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் கூடிவிடும். செருப்பைக் கழற்றி, குதிகாலைச் சுவரோடு ஒட்டவைத்து, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலைமேல் படுக்கையாக வைத்து, அதன் அடியில் பென்சிலால் கோடு போடுங்கள். உட்கார்ந்த உயரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஒரே 104 செ.மீ. உயரமுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்குக் கால் நீளம், இன்னொருத்திக்கு உடம்பு நீளம். உடம்பு நீளமானவளுக்குத்தான் சீட் சீக்கிரம் பற்றாமல் போகும்.

சட்டம் எந்த வயதுவரை சீட் வேண்டும் என்கிறது?

வயதுக் கணக்கு போய்விட்டது. 2012 ஜனவரி 1 முதல் உயரக் கணக்குதான்: 1.35 மீட்டருக்குக் குறைவான யாரும், உடம்புக்குப் பொருத்தமான சீட்டிலோ பூஸ்டரிலோதான் காரில் போகவேண்டும். அதற்கு முன்பு எட்டு வயது என்று இருந்தது. 1.35 மீட்டரை நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்பது, பத்து வயதில்தான் தொடுகிறார்கள். ஆகவே இப்போது வாங்கப்போகும் சீட்டை வைத்து இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டவேண்டியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். பிடிபட்டால் 120 வெள்ளி அபராதம், ஓட்டுநருக்கு மூன்று குற்றப்புள்ளிகள். வழக்கு நீதிமன்றம் போனால் தண்டனை இன்னும் கூடும்.

லேபிளில் ஆர்44, ஆர்129, ஐ-சைஸ் என்று என்னென்னவோ இருக்கிறதே?

ஆர்44, ஆர்129 இரண்டும் ஐக்கிய நாடுகள் வகுத்த தர விதிகள். பழைய ஆர்44 எடையை வைத்துப் பிரிக்கிறது: 9 முதல் 18 கிலோ ஒரு பிரிவு, 15 முதல் 25 கிலோ அடுத்தது, 22 முதல் 36 கிலோ அதற்கடுத்தது. 2013இல் வந்த ஆர்129 உயரத்தை வைத்துப் பிரிக்கிறது. பக்கவாட்டு மோதல் சோதனையையும் கட்டாயமாக்கியது. ஐ-சைஸ் என்பது ஆர்129க்குள் ஒரு வகை. உங்கள் காரின் இருக்கையிலும் ஐ-சைஸ் முத்திரை இருந்தால் சீட் பொருந்துமா என்று தனியாகத் தேடவேண்டியதில்லை.

ஐரோப்பாவில் ஆர்44 சீட்டுகளின் விற்பனை 2024 செப்டம்பரோடு நின்றுவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் பயன்படுத்தத் தடையில்லை. புதிதாக வாங்குபவர்கள் ஆர்129 பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். சீட்டின் பின்னாலோ அடியிலோ ஆரஞ்சு நிற லேபிள் இருக்கும், அதில் வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். இணையத்தில் இருபது முப்பது வெள்ளிக்கு வரும் துணிப்பை மாதிரியான வார்களில் அந்த லேபிளைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்காது.

ஐந்துமுனை வார் உள்ள சீட்டா, பூஸ்டரா? உண்மையில் எது பாதுகாப்பு?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

வார் உள்ள சீட்டில் மோதலின் விசை இரண்டு தோள், இரண்டு இடுப்பு என்று பிரிந்து, உடம்பின் உறுதியான இடங்களில் இறங்குகிறது. பூஸ்டருக்கென்று சொந்தமாகப் பிடிப்பு எதுவும் கிடையாது. பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்து, காரில் ஏற்கெனவே இருக்கும் பெரியவர்களுக்கான பெல்ட்டைச் சரியான இடத்தில் ஓடவிடுவதுதான் அதன் வேலை. அந்த வேலை நடக்கவேண்டுமென்றால் பிள்ளை நேராக உட்கார்ந்திருக்கவேண்டும், வழி முழுக்க. நான்கு வயதுப் பிள்ளை தீவு விரைவுச்சாலையில் ஜூரோங்கிலிருந்து சாங்கி வரும்வரை நேராக உட்கார்ந்திருக்குமா? கீழே விழுந்த பொம்மையை எடுக்கக் குனியும், தங்கச்சியைக் கிள்ளத் திரும்பும், பெல்ட் கழுத்தில் உரசுகிறது என்று கைக்குக் கீழே தள்ளிவிடும், கடைசியில் தூங்கிச் சரியும். வார் சீட்டில் சரிந்தாலும் வார் பிடித்துக்கொள்ளும். பூஸ்டரில் சரிந்தால் பெல்ட் இருக்கவேண்டிய இடத்தில் இருக்காது.

இன்னொன்று எலும்பு. பெரியவர்களுக்கு மடிப் பெல்ட் மாட்டி நிற்பது இடுப்பெலும்பின் முன்முனையில். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த முனை இன்னும் சரியாக வளர்ந்திருக்காது. பெல்ட் சறுக்கி வயிற்றுக்கு ஏறினால், மோதலின்போது குடலும் ஈரலும் முதுகெலும்பும் அடிவாங்கும்.

ஆகவே பிள்ளையின் எடையும் உயரமும் இடம் தரும்வரை வாரிலேயே வையுங்கள். பூஸ்டர் பெட்டியில் 15 கிலோ என்றோ 100 செ.மீ. என்றோ போட்டிருப்பது அதற்குக் கீழே கூடவே கூடாது என்பதற்காக. அந்த அளவைத் தொட்ட அன்றே மாறவேண்டும் என்று அதற்குப் பொருள் கிடையாது. என்னைக் கேட்டால் ஐந்து வயதுக்கு முன்னால் பூஸ்டரைப் பற்றி யோசிக்கவே மாட்டேன். ஆறு வயதில் சொன்ன பேச்சு கேட்டு உட்காரும் பிள்ளை என்றால் தாராளமாக மாற்றலாம்.

இன்னும் பின்னோக்கிய சீட்டிலேயே மூன்று வயதுப் பிள்ளை வசதியாக இருந்தால்? தொடருங்கள். சுவீடனில் நான்கு வயதுவரை அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

மகனுக்கு நாலரை வயது, 19 கிலோ. எங்கள் சீட்டின் வரம்பு 18. இப்போது என்ன செய்ய?

வரம்பைத் தாண்டிவிட்டான், மாற்றத்தான் வேண்டும். ஐசோஃபிக்ஸ் கொக்கியில் (காரின் பின்சீட்டில் இருக்கும் இரும்பு வளையங்களில் சீட்டைப் பூட்டும் கொக்கி) மாட்டும் வார் சீட்டுகளுக்கு ஆர்129 ஒரு கணக்கு வைத்திருக்கிறது: சீட்டும் பிள்ளையும் சேர்ந்து 33 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. சீட்டே 13 கிலோ என்றால் பிள்ளைக்கு மிச்சம் 20தான். கனமான, சுழலும் சீட் வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கதவுப் பக்கம் திருப்பி உட்காரவைக்க அது சுகம்தான், ஆனால் அந்தச் சுகத்தின் எடை பிள்ளையின் கணக்கிலிருந்து கழிகிறது.

அடுத்து வாங்கும்போது, வாரோடு எவ்வளவு எடைவரை, எவ்வளவு உயரம்வரை என்று கேளுங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 76 முதல் 150 செ.மீ. என்பது சீட்டின் மொத்த ஆயுள். அதில் வார் வரும் பகுதி 105 செ.மீ. அளவிலேயே முடிந்துவிடலாம். சிறிய எழுத்தைப் படித்தால்தான் தெரியும். பிறந்தது முதல் பன்னிரண்டு வயதுவரை என்று விற்கும் ‘எல்லாம் ஒன்றில்’ சீட்டுகளைப் பற்றியும் எனக்கு இதே சந்தேகம்தான். கைக்குழந்தைக்கும் பத்து வயதுப் பையனுக்கும் ஒரே சீட் சரியாகப் பொருந்துவது அரிது.

வார் உள்ள எதுவும் பொருந்தாத பெரிய பிள்ளை என்றால் முதுகுச் சாய்வு உள்ள பூஸ்டர்தான் வழி. பெல்ட்டைக் கைக்குக் கீழே தள்ளக்கூடாது என்பதை வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள்.

முதுகில்லாத பூஸ்டர் விலை மலிவு. எடுத்துப்போகவும் சுலபம். அது போதாதா?

நான்கு, ஐந்து வயதுக்குப் போதாது. முதுகுச் சாய்வில் மூன்று உபயோகம் இருக்கிறது: தலைக்குப் பக்கவாட்டுத் தடுப்பு, தோள் பெல்ட் கழுத்தில் ஏறாமல் ஓட ஒரு வளையம், தூங்கும்போது சாய ஓர் இடம். 2017இல் ஆர்44 விதி திருத்தப்பட்டபோது, புதிதாக அங்கீகாரம் பெறும் முதுகில்லாத பூஸ்டர்கள் 125 செ.மீ., 22 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே என்று ஆக்கிவிட்டார்கள். அது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் அளவு.

விலை அதிகமானால் பாதுகாப்பும் அதிகமா?

அப்படிச் சொல்லமுடியாது. ஒரே விதியில் தேறிய எல்லா சீட்டும் ஒரே குறைந்தபட்ச அளவைத் தாண்டியவைதான். அதற்குமேல் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஏடிஏசி வாகன ஓட்டிகள் சங்கம் வெளியிடும் சோதனை மதிப்பெண்களைப் பாருங்கள். விதி கேட்பதைவிட அதிக வேகத்தில் மோதவிட்டு, மாட்டுவது எவ்வளவு சுலபம், துணியில் நச்சுப்பொருள் உண்டா என்பதுவரை பார்க்கிறார்கள். ஒரு விஷயம்: அங்கே எண் குறையக் குறைய நல்லது. 1.6 வாங்கிய சீட் 2.5 வாங்கியதைவிட மேல். ஐந்துக்கு ஒன்றரைதானா என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மற்றபடி விலை ஏறுவது துணிக்கும், சுழலும் அடித்தளத்துக்கும், பிராண்டுக்கும். நம் ஊர் வெக்கையில் காற்றோட்டமான துணிக்கு மட்டும் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பேன். முதுகு வியர்த்து நசநசவென்று இருந்தால் பிள்ளை வாரை இறுக்கவே விடமாட்டாள்.

கடையில் எதையெல்லாம் பார்க்கவேண்டும்?

கடைக்குப் பிள்ளையையும் காரையும் கொண்டுபோங்கள். காரில் மாட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

பின்சீட்டில் முதுகுப் பகுதியும் உட்காரும் பகுதியும் சேரும் இடுக்கில் கையைவிட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். அவைதான் ஐசோஃபிக்ஸ். பெரும்பாலான கார்களில் இரண்டு ஓரத்து சீட்டில் மட்டும் இருக்கும், நடுவில் இராது. வார் சீட் என்றால் மேல்வார் (சீட்டின் உச்சியைக் காரோடு கட்டும் பட்டை) மாட்டப் பின்பக்கம் ஒரு கொக்கியோ, தரையில் ஊன்ற ஒரு கால் வைக்க இடமோ வேண்டும். கால் ஊன்றும் இடத்துக்குக் கீழே சாமான் பெட்டி இருக்கும் கார்கள் உண்டு. மூடிமேல் ஊன்றினால் மோதலில் மூடி உள்ளே போய்விடும், ஆகவே கார்க் கையேட்டைப் பாருங்கள். பூஸ்டரில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கி வேறு கதை. அது பூஸ்டர் நகராமல் இருக்கவும், பிள்ளை இல்லாதபோது காருக்குள் பறக்காமல் இருக்கவும்தான். பிள்ளையைப் பிடிப்பது எப்போதும் கார் பெல்ட்தான்.

பிறகு பிள்ளையை உட்காரவைத்துப் பெல்ட் போடுங்கள். மடிப் பெல்ட் வயிற்றில் படாமல் தொடையோடு ஒட்டிப் படுத்திருக்கவேண்டும். தோள் பெல்ட் கழுத்துக்கும் தோள் நுனிக்கும் நடுவில் ஓடவேண்டும். பெல்ட் ஓடும் வழி சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். கைப்பிடிக்கு அடியில் போகவேண்டிய மடிப் பெல்ட்டை மேலே போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பூட்டை நீங்கள் போடுவதோடு விட்டுவிடாமல், பாட்டியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாலர் பள்ளியிலிருந்து தினமும் கூட்டிவருவது அவர் என்றால், அவர் விரலுக்கு எட்டாத பூட்டு உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் பாட்டியும் உட்காரவேண்டும் என்றால் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். ஒடுங்கலான பூஸ்டர்கள் 44 செ.மீ. அளவில் இருக்கும், அகலமானவை 52 வரை போகும். நடுத்தர காரில் அந்த எட்டு சென்டிமீட்டரில்தான் பாட்டியின் பூட்டு கிடைக்குமா கிடைக்காதா என்பது இருக்கிறது.

எந்தப் பக்கம் போடுவது?

பின்சீட்டில், முடிந்தால் இடதுபக்கம். நாம் சாலையின் இடதுபக்கம் ஓட்டுவதால் பிள்ளை நடைபாதைப் பக்கம் இறங்கும்.

வார் எவ்வளவு இறுக்கமாக இருக்கவேண்டும்? பிள்ளை அழுகிறாளே.

கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் வாரை நெடுக்காகக் கிள்ளிப் பாருங்கள். விரலுக்குள் மடிப்பு வந்தால் தளர்வு, வழுக்கிக்கொண்டு போனால் சரி. முதலில் இடுப்பு வாரின் தொய்வை மேலே இழுத்துவிட்டு, பிறகு நடுவாரை இழுங்கள். நடுவாரை மட்டும் இழுத்தால் தோள் இறுகும், இடுப்பு தொளதொளவென்று இருக்கும், பிள்ளை அழத்தான் செய்வாள்.

பள்ளிப் பையை முதுகில் மாட்டியபடியே உட்காரவைப்பதைத் தினமும் பார்க்கிறேன். பை முதுகைச் சீட்டிலிருந்து முன்னே தள்ளிவிடும். கழற்றிக் காலடியில் போடுங்கள்.

தீபாவளி அன்று பட்டுப்பாவாடை ஒரு தனிப் பிரச்சினை. பட்டு வழுக்கும், கெட்டிச் சரிகை மடிப்பு மடிப்பாக வாருக்கு அடியில் மாட்டிக்கொண்டு இறுக்கியதுபோல் காட்டும். பாவாடையைத் தொடைக்கு மேலே சுருட்டிவிட்டு, உள்ளே போட்டிருக்கும் மெல்லிய கால்சட்டைமேல் வார் படும்படி மாட்டி, பிறகு பாவாடையை மேலே விரித்துவிடுங்கள். புகைப்படத்துக்கும் பழுதில்லை.

பூட்டு ‘கிளிக்’ ஆகவே மாட்டேன் என்கிறது.

முறுக்குத் தூளாக இருக்கும். அல்லது பிஸ்கட், மைலோ. கையேட்டில் அனுமதி இருந்தால் பூட்டை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். எண்ணெய் விடாதீர்கள். வாரைச் சோப்புத்தூளில் ஊறவைக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கேரோசெல் இணையத்தளத்தில் பழைய சீட் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

அக்கா வீட்டுச் சீட் என்றால் வாங்கலாம், முகம் தெரியாதவரின் சீட் என்றால் வேண்டாம். வித்தியாசம் ஒன்றுதான்: அது விபத்தில் மாட்டியதா என்று அக்கா உண்மையைச் சொல்வாள். தலைப்பக்கத்து நுரையில் விழுந்த விரிசல் துணிக்கு வெளியே தெரியாது. எதுவானாலும் பிளாஸ்டிக்கில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதி, கையேடு, லேபிள், எல்லா உதிரிகளும் இருக்கவேண்டும்.

டாக்சியிலும் கிராபிலும் எப்படி?

டாக்சிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. தனியார் வாடகை கார்களுக்கு இல்லை. செயலியில் கூப்பிட்டு வருவது டாக்சியா தனியார் காரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீட் இல்லாமல் பிள்ளையோடு நின்றால் தனியார் கார் ஓட்டுநர் ஏற்ற மறுப்பது நியாயம்தான், அவரோடு சண்டை போடாதீர்கள். சீட்டோடு வரும் கிராப் ஃபேமிலி போன்ற சேவையைக் கேட்கலாம், அல்லது சொந்தமாக ஒன்றை எடுத்துப்போகலாம்.

விலக்கு என்பது அபராதத்துக்குத்தான். மணிக்கு 50 கிலோமீட்டரில் மோதுவது, வீவக புளோக்கில் நான்காம் மாடியிலிருந்து விழும் வேகம். டாக்சி என்பதால் அது குறையாது. மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொள்கிறேன் என்பார் பாட்டி. அன்பில் குறைவில்லை, ஆனால் அந்த நொடியில் 16 கிலோவை எந்தக் கையாலும் பிடிக்கமுடியாது. ஒரே பெல்ட்டுக்குள் இருவரையும் போடுவது அதைவிட மோசம். பெரியவரின் முழு எடையும் பிள்ளைமேல் இறங்கும். சீட் இல்லாத டாக்சிப் பயணத்தில் பிள்ளையைப் பின்னால் தனியாக உட்காரவைத்து, மடிப் பெல்ட்டைத் தாழ்வாகப் போடுங்கள்.

வாரம் இருமுறை தாத்தா காரில் போகிறாள். இரண்டாவது சீட் தேவையா?

வாரம் இருமுறை என்றால் தேவை. சீட்டை மாற்றி மாற்றி மாட்டும்போது ஏதாவது ஒருநாள் தவறும். தாத்தா காரில் ஐசோஃபிக்ஸ் இல்லாவிட்டால், பெல்ட்டால் மாட்டும் எடை குறைந்த சீட் பாருங்கள்.

ஜேபி போகும்போது?

மலேசியாவிலும் 2020 முதல் பிள்ளைகளுக்குச் சீட் கட்டாயம். உங்கள் ஆர்44, ஆர்129 சீட் அங்கும் செல்லும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் பிள்ளையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. பாலம் தாண்டியதும் வேகம் எடுக்கும்போது திரும்ப மாட்ட மறந்துவிடுகிறது. கழற்றாமலே விட்டால் மறக்கவும் வேண்டாம்.

பூஸ்டரை எப்போது நிறுத்தலாம்?

சட்டத்துக்கு 1.35 மீட்டர். உடம்புக்கு இன்னும் கொஞ்சம் கூட. முதுகு காரின் சீட்டோடு ஒட்டி, முட்டி சீட் விளிம்பில் மடங்கி, மடிப் பெல்ட் தொடையில் படுத்து, தோள் பெல்ட் தோளின் நடுவில் வந்து, வழி முழுக்க அப்படியே உட்காரமுடிந்தால் நிறுத்தலாம். பலருக்கு அது 145, 150 செ.மீ. அளவில்தான் வரும். பெரும்பாலான ஆர்129 பூஸ்டர்கள் 150 வரை போவதும் அதனால்தான்.

பழைய சீட்டை என்ன செய்வது?

தம்பி தங்கைக்கு ஆகுமென்றால் தேதியைப் பார்த்து எடுத்துவையுங்கள். விபத்தில் மாட்டியது, அல்லது காலாவதியானது என்றால் குப்பைப் போடும் இடத்தில் அப்படியே விட்டுவிடாதீர்கள். நல்ல சீட் என்று யாராவது எடுத்துப்போவார்கள். எல்லா வாரையும் கத்தரியால் வெட்டி, துணியைக் கிழித்து, கெட்டி மையால் ‘உடைந்தது’ என்று பெரிதாக எழுதிவிட்டுப் போடுங்கள்.